கிணறு வற்றும் முன்பே குழாய் குளிர்ந்துவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அலாஸ்காவின் ப்ரூடோ பே எண்ணெய் வயல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1968இல் கண்டுபிடிப்பு, இதுவரை எடுத்தது 1,200 கோடி பீப்பாய்க்கு மேல், எல்லாம் சரிதான். ஆனால் கடைசிப் பத்தியில், நிலத்தடி எண்ணெய் தீரும் நாளில் வயலை மூடிவிடுவார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். முப்பது வருடம் பைப்லைன் வேலையில் இருந்தவனுக்கு அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே ஆயுளைத் தீர்மானிப்பது கிணறு அல்ல, குழாய்.

முதலிலிருந்தே அப்படித்தான். எண்ணெய் கிடைத்தது 1968இல். முதல் சொட்டு குழாயில் இறங்கியது 1977 ஜூனில். இடையில் ஒன்பது வருடம். வடக்கே இருப்பது ஆண்டில் பெரும்பகுதி உறைந்தே கிடக்கும் ஆர்க்டிக் கடல். அதனால் தெற்கே, பனி உறையாத வால்டீஸ் துறைமுகம் வரை சுமார் 1,290 கிலோமீட்டருக்கு 48 அங்குலக் குழாய் போட முடிவானது. ஜப்பானிலிருந்து குழாய்களும் வந்து இறங்கிவிட்டன. இறங்கி, வருடக்கணக்காக வெட்டவெளியில் அடுக்கிக் கிடந்தன! அந்த மண் யாருடையது என்று பழங்குடி மக்கள் கேட்டார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. 1971இல் சட்டம் போட்டு 4.4 கோடி ஏக்கர் நிலமும் சுமார் 96 கோடி டாலரும் பழங்குடிகளுக்கு என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. 1973இல் குழாய்க்கு வழிவிடும் திருத்தத்துக்கு அமெரிக்க செனட்டில் ஓட்டு 49க்கு 49 என்று சரிசமமாக நின்று, துணை ஜனாதிபதி ஆக்னியூவின் ஒற்றை ஓட்டில் காரியம் நடந்தது.

அப்புறம் மண்ணோடு மல்லுக்கட்டு. அங்கே தரைக்குக் கீழே ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண். எண்ணெயோ பூமியிலிருந்து கை வைக்க முடியாத சூட்டில் வருகிறது. புதைத்தால் மண் இளகிச் சேறாகும், குழாய் தொய்ந்து உடையும். அதனால்தான் பாதிக்கு மேற்பட்ட தூரத்தைத் தூண்கள் மேல் தூக்கிவிட்டார்கள். அந்தத் தூண்களுக்குள் இருக்கும் வேலைப்பாட்டை நான் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். பெரும்பாலான தூண்களில் அம்மோனியா அடைத்த இரண்டிரண்டு மெல்லிய குழாய்கள். குளிர்காலத்தில் மண்ணின் வெப்பத்தை வாங்கி அம்மோனியா ஆவியாகி மேலே போகும். உச்சியில் இருக்கும் தகடுகளில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகி மறுபடி கீழே இறங்கும். மின்சாரம் வேண்டாம், பம்ப் வேண்டாம், ஆள் வேண்டாம். மண் உறைந்தபடியே நிற்கும்.

2002இல் குழாயின் வழியில் குறுக்கிடும் டெனாலி என்ற நிலப் பிளவில் 7.9 அளவு நிலநடுக்கம் வந்து தரையே சில மீட்டர் நகர்ந்தபோதும், பிளவைக் கடக்கும் இடத்தில் குழாயைத் தண்டவாளம் போன்ற நீண்ட உத்திரங்கள் மேல் சும்மா உட்கார வைத்திருந்ததால் அது சறுக்கிக் கொடுத்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

சரி, இப்போது என்ன சிக்கல்? 1988இல் ஒரு நாளைக்கு 20 லட்சம் பீப்பாய் ஓடிய குழாயில் இன்று ஓடுவது 5 லட்சத்துக்கும் குறைவு. அன்று நாலரை நாளில் வால்டீஸ் போய்ச் சேர்ந்த எண்ணெய், இன்று இரண்டு வாரத்துக்கு மேல் நகர்ந்துகொண்டிருக்கிறது. மெதுவாகப் போனால் வழியிலேயே ஆறுகிறது. ஆறினால் மெழுகு படியும், தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், தங்கியது உறையும். 2011 ஜனவரியில் முதல் பம்ப் நிலையத்தில் ஒழுகல் கண்டு ஓட்டத்தை நிறுத்தினார்கள். சில நாள்தான். பழுது முழுதாகச் சரியாகும் முன்பே தற்காலிகமாகத் திறந்துவிட்டார்கள். நின்றுபோன எண்ணெய் குளிரில் இறுகிவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு.

மெதுவான ஓட்டம் இன்னொரு விதத்திலும் கெடுதல். வயலுக்குள்ளேயே இருந்த சேகரிப்புக் குழாய் ஒன்றில் 2006 மார்ச்சில் சுமார் 8 லட்சம் லிட்டர் கொட்டியது. அடியில் வண்டல் தங்கி, அதற்குள் நுண்ணுயிர்கள் பெருகி இரும்பைத் தின்றிருந்தன. குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் கருவியை எங்கள் தொழிலில் 'பிக்' என்போம், பன்றி என்று அர்த்தம், பேர் வைத்தவன் யாரோ! அந்தக் குழாயில் 1998க்குப் பிறகு பிக் விடவே இல்லை. கசிவைக் காட்டிக்கொடுத்ததும் கருவி அல்ல, அந்தப் பக்கம் போன ஊழியர் ஒருவரின் மூக்குதான்.

குழாய் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே வயலில் உள்ள எரிவாயுவே சாட்சி. எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் வாயுவை வெளியே அனுப்ப வழியில்லாமல், அதில் பெரும்பகுதியை அரை நூற்றாண்டாகத் திரும்பப் பூமிக்குள்ளேயே அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்த அழுத்தம் எண்ணெயைத் தள்ள உதவுகிறது என்பது உண்மை. ஆனால் விற்க முடிந்திருந்தால் எப்போதோ கொஞ்சமாவது விற்றிருப்பார்கள். 2023இல் அனுமதி கிடைத்த வில்லோ என்ற புது எண்ணெய் வயல்கூட இதே பழைய குழாயை நம்பித்தான் வருகிறது. அந்த எண்ணெய் வந்தால் வேகமும் சூடும் கொஞ்சம் கூடும். புது வயல் வேண்டும் என்று அங்கே குரல் கொடுப்பவர்கள் இந்தக் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். புது வயல் நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு.

இன்னொரு திருத்தம். கட்டுரையோடு வந்த படத்தில் குழாய் வளைந்து வளைந்து போவதைக் காட்டி, மலைகளைச் சுற்றிச் செல்வதாகக் குறிப்பு போட்டிருந்தீர்கள். படத்தில் ஒரு மேடுகூட இல்லை. சூட்டில் இரும்பு நீளும், குளிரில் சுருங்கும். நேராகப் போட்டால் தூண்களைப் பிடுங்கிவிடும். அதற்கு இடம் கொடுக்கத்தான் வேண்டுமென்றே அப்படி மடக்கி மடக்கிப் போட்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பைப்லைன் இன்ஸ்பெக்டர்,
மணலி, சென்னை