வரலாற்று வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி, இவ்வாண்டின் கூட்டங்களை கோல்ட் கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனி கானாவாக மாறிய வரலாற்றுக்கே ஒதுக்கினோம். கானா விடுதலை இயக்கத் தலைவர் குவாமே நிக்ருமாவின் பெயரில் தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்ளாமல், 1948-ஆம் ஆண்டுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தோம். அந்த விடுதலைக்கு அடித்தளம் போட்டவர்கள் விவசாயிகளும் சந்தைக்கு வந்த சாமானியர்களும்தான் என்பது செயற்குழுவின் உறுதியான கருத்து.

கொக்கோ பற்றிய அமர்வில்தான் விவாதம் சூடுபிடித்தது. 1936-இல் அங்கே கண்டறியப்பட்ட தண்டுவீக்க நோய் ஒரு வைரஸ் நோய், மாவுப்பூச்சி பரப்புவது. தண்டும் வேரும் வீங்கி, சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். மருந்து கிடையாது, வெட்டுவதுதான் வழி. தொற்று உடனே வெளியே தெரியாது என்பதால் பக்கத்து மரங்களையும் சேர்த்து வெட்ட வேண்டும். அரசு ஆட்கள் கட்டாயமாக வெட்டியபோது காய் பிடித்து நின்ற மரங்களும் சாய்ந்தன. புதுக் கன்று காய்ப்புக்கு வரும்வரை குடும்பம் எதை வைத்துப் பிழைக்கும்? அறிவியல் சரியாக இருந்தும் விவசாயி அரசுக்குப் பகையானது இதனால்தான்.

1948 ஜனவரி இறுதியில், நீ குவாபெனா பொன்னே என்ற தலைவரின் அழைப்பை ஏற்று மக்கள் இறக்குமதிச் சரக்குகளைப் புறக்கணித்தனர். ஐரோப்பிய நிறுவனங்கள் லாப விகிதத்தை 75 சதவீதத்திலிருந்து 50-ஆகக் குறைக்க இறங்கிவந்தன. பிப்ரவரி 28, சனிக்கிழமை புறக்கணிப்பு முடிந்தது. கடைக்குப் போனவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு விலை இறங்கவில்லை.

அதே நாள், பர்மாவில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டுத் திரும்பிய முன்னாள் படைவீரர்கள், ஆளுநரிடம் மனு கொடுக்க அவர் இருந்த கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை நோக்கி நடந்தனர். கையில் ஆயுதம் இல்லை. நாற்சந்தியில் மறித்த போலீஸ் சுட்டதில் சார்ஜன்ட் அட்ஜெட்டே, கார்ப்பரல் அட்டிப்போ, சிப்பாய் ஒடார்ட்டே லாம்ப்டே மூவரும் இறந்தனர். இப்பெயர்களை நமது நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறோம். செய்தி தலைநகர் அக்ராவின் கடைத்தெருவை எட்டியதும் ஐரோப்பியக் கடைகள் எரிந்தன. தொடர்ந்த கலவரங்களில் 29 பேர் மாண்டனர். விசாரிக்க வந்த வாட்சன் குழுவே அரசியலமைப்பை மாற்றியாக வேண்டும் என்றது.

1951 தேர்தலின்போது நிக்ருமா சிறையில் இருந்தார். ஓராண்டுக்கு மேற்பட்ட தண்டனை பெற்றவர் போட்டியிட முடியாது என்பது விதி. அவருக்குக் கிடைத்ததோ தலா ஓராண்டாக மூன்று தண்டனைகள். தனித்தனியே எதுவும் வரம்பைத் தாண்டவில்லை. அக்ராவில் பதிவான 23,122 வாக்குகளில் 22,780 அவருக்கே விழுந்தன. ஆளுநர் விடுவிக்காமல் இருக்க முடியவில்லை. 1957 மார்ச் 6-இல் கானா விடுதலை பெற்றது.

அடுத்த ஆண்டுக்கு அல்ஜீரியாவைச் செயற்குழு முன்மொழிகிறது. கென்யாவை எடுக்கலாம் என்ற கோரிக்கையும் வந்துள்ளது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசித்தபின், இரண்டில் ஒன்றைப் பொதுக்குழு முடிவு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்