ஊளையிடுவது பழைய கிட்டாரா, மேடை அமைப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நமது மாவட்டத்தில் திருவிழாக்களையொட்டி நடைபெறும் இன்னிசை நிகழ்ச்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதங்கள் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்ததைப் படித்தேன். தம் ஊர்க் குருசடித் திருவிழாவில் பழைய கிட்டார் ஒன்று பாட்டுக்குப் பாட்டு ஊளையிட்டதாகவும், உள்ளே வெற்றிடம் கொண்ட இத்தகைய கிட்டார்களை இனி மேடையேற்றக் கூடாது என்று விழாக் குழுக்கள் முடிவெடுக்க வேண்டும் என்றும் அவர் கேட்டிருந்தார். அவருடைய எரிச்சல் எனக்குப் புரிகிறது. அந்த ஓசையை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்கள் கோபப்படுவது நியாயம்தான். ஆனால், பழியைக் கிட்டாரின்மேல் போடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. அதே வகைக் கிட்டார் ஒன்றை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்து வாசித்து வருபவன் நான். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவனும்கூட. ஆகவே இதற்குப் பதில் எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

என்னிடம் இருப்பது ஜப்பானின் மட்சுமோட்டோ நகரில் ஃபுஜிகென் தொழிற்சாலையில் செய்யப்பட்ட இபனேஸ் ஏ.எஸ்.200 என்ற மின்கிட்டார். அதன் வரிசை எண் ‘எச் 79’ என்று தொடங்குகிறது. அக்காலத்து இபனேஸ் எண்களில் முதல் எழுத்து மாதத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும் என்பதால், அது 1979 ஆகஸ்ட் மாதத்தில் பிறந்தது என்று கொள்ளலாம். சரக்குக் கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமா அதை யோகோகாமாவில் பழையதாக வாங்கி, 1983இல் விடுமுறைக்கு வந்தபோது என் கையில் கொடுத்தார். வந்த புதிதில், வீட்டில் ரப்பர் ஷீட் எடை போடும் தராசில் வைத்துப் பார்த்தோம். நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. பார்ப்பதற்கு அகன்ற உடல், இருபுறமும் எஃப் வடிவத் துளைகள், உள்ளே பாதிக்கு மேல் காற்று. அப்படியிருந்தும் இந்த எடை எங்கிருந்து வருகிறது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. இப்போது நான் எழுத வந்திருக்கும் விஷயத்துக்கான விடை அந்த எடையில்தான் இருக்கிறது.

முழுவதும் வெற்றுடல் கொண்ட கிட்டாரில், தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக்கும் பிக்கப் பொருத்தும் வழக்கம் 1930களில் பரவியது. கிப்சன் நிறுவனத்தின் இ.எஸ்.150 என்ற கிட்டார் 1936இல் வெளிவந்தது. ஊதுகருவிகள் நிறைந்த பெரிய இசைக்குழுவின் நடுவே கிட்டாரின் ஒலியும் கேட்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் ஆம்பின், அதாவது ஒலியைப் பெருக்கும் கருவியின், ஒலியைக் கூட்டக் கூட்டப் புதிய தொல்லை ஒன்று தலைகாட்டியது. ஒலிபெருக்கியிலிருந்து வெளிவரும் ஒலி கிட்டாரின் மெல்லிய மேற்பலகையை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு தந்திகளுக்குப் போகிறது. பிக்கப் அதை மீண்டும் மின்னோட்டமாக்கி ஆம்புக்கு அனுப்புகிறது. ஆம்ப் அதை முன்பைவிடப் பெரிதாக்கித் திரும்ப வெளியிடுகிறது. இந்தச் சுற்றில் ஒவ்வொரு முறையும் குறைவதைவிடக் கூடுவது அதிகமாகிவிட்டால், வாசிப்பவர் கையை எடுத்த பின்னும் கிட்டார் தானாக ஓலமிடும். நமது ஊர்க் கூட்டங்களில் மைக் கீச்சிடுவதும் இதே காரணத்தால்தான். அதற்காக மைக்கையே மேடையிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று இதுவரை யாரும் கடிதம் எழுதியதாக நான் அறியேன்.

இந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்காகவே செமி ஹாலோ, அதாவது பாதி வெற்றுடல், என்ற வகை உருவாயிற்று. 1940களின் தொடக்கத்தில் லெஸ் பால் என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞர் கனமான பைன் மரக்கட்டை ஒன்றில் தந்தியும் பிக்கப்பும் பொருத்தி, பார்ப்பவர்களுக்குக் கிட்டாராகத் தெரிய வேண்டுமே என்று வெற்றுக் கிட்டார் ஒன்றை இரண்டாகப் பிளந்து அதன் பாதிகளை இருபுறமும் ஒட்டவைத்தார். கட்டை அசையாது, ஆகவே ஊளையும் எழாது. பின்னர் 1958இல், டெட் மெக்கார்ட்டி தலைமையில் இயங்கிய கிப்சன் நிறுவனம் இ.எஸ்.335 என்ற கிட்டாரை வெளியிட்டது. அதன் நடுவில் கழுத்திலிருந்து அடிவரை மேப்பிள் மரக் கட்டை ஒன்று ஓடும். இருபக்கச் சிறகுகள் மட்டும் வெற்றாக இருக்கும். பிக்கப்பும், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் அந்த நடுக்கட்டையின்மேல் அமர்ந்திருக்கும். என் தாய்மாமா கொண்டுவந்த கிட்டாரும் அதே அமைப்பைப் பின்பற்றியதுதான். தராசில் கனத்தது அந்தக் கட்டை. ஆக, எந்தக் குற்றத்துக்காக இந்தக் கிட்டாரைத் தடை செய்யச் சொல்கிறார்களோ, அதைத் தடுப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி இது. கட்டை இருப்பதால் ஊளை அறவே வராது என்று நான் வாதிடவில்லை. சிறகுகள் வெற்றாக இருப்பதால், அளவு மீறினால் இதுவும் குரல் கொடுக்கத்தான் செய்யும். அந்த அளவை மீறுவது யார் என்பதுதான் கேள்வி.

நான் வாசித்த ஒரு மேடையைச் சொல்கிறேன், ஊர்ப்பெயர் வேண்டாம். தகர டிரம்களின்மேல் பலகை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். பலகைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று இரண்டு பெரிய பேஸ் பெட்டிகளைத் தள்ளியிருந்தார்கள். பாடகர்கள் தங்கள் குரலைக் கேட்பதற்கான மானிட்டர் பெட்டி என் முதுகுக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில், கிட்டாரை நோக்கி இருந்தது. பேஸ் ஒலித்தபோதெல்லாம் பலகை என் பாதங்களுக்குக் கீழே நடுங்கியது. மொத்த மேடையும் ஒரு வெற்றுடல் கிட்டாராக மாறி, அதற்குள் நான் நின்றுகொண்டிருந்தேன் என்று சொன்னால் மிகையாகாது. இரண்டாவது பாட்டிலேயே ஊளை தொடங்கியது. மைக் செட்காரர் என்னைக் கையசைத்துக் குறைக்கச் சொன்னார், நான் குறைத்தேன், கிட்டார் கேட்கவில்லை என்று கீழிருந்து சத்தம் வந்தது, அவரே அவருடைய பக்கத்தில் கூட்டினார், மறுபடியும் ஊளை. இடைவேளையில் நானும் அவருடைய உதவியாளரான பையனும் சேர்ந்து மானிட்டரை முன்பக்கம் கொண்டுபோய் என் இடப்பக்கமாகத் திருப்பி வைத்தோம். ஒன்பது அடி தள்ளி நின்றேன். துளைகளில் பஞ்சு மெத்தைத் துண்டுகளைச் செருகினேன். எஞ்சிய நிகழ்ச்சியில் ஒருமுறைகூட ஊளை எழவில்லை. இதில் மாயம் ஒன்றும் இல்லை. திறந்தவெளியில் ஒலிக்கும் பெட்டியிலிருந்து விலகும் தூரம் இருமடங்கானால் நம்மை வந்தடையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். மூன்றடியிலிருந்து ஆறடி என்ற ஒரே நகர்வில் கிடைக்கும் பலன், பெருக்கியின் திறனை நான்கில் ஒரு பங்காகக் குறைத்ததற்குச் சமம்.

துளைகளை அடைப்பதும் புதிய தந்திரம் அல்ல. ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் தம் கிட்டார்கள் அனைத்தையும் லூசில் என்றே அழைத்தார் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். 1980இல் கிப்சன் நிறுவனம் அந்தப் பெயரில் அவருக்கெனச் செய்த கிட்டாரில் எஃப் துளைகளே கிடையாது. ஊளையைக் கட்டுப்படுத்துவதுதான் அதன் நோக்கம். ஆனால் நான் துளைகளை நிரந்தரமாக மூட விரும்புவதில்லை. காரணம் என் சொந்த ஆசைதான். ஆம்ப் இல்லாமல், மின்சாரம் இல்லாமல், வீட்டுத் திண்ணையில் வைத்து வாசிக்கும்போது இந்தக் கிட்டார் தனக்கும் எனக்கும் மட்டும் கேட்கும் அளவுக்கு முணுமுணுக்கும். கட்டையால் மட்டுமே ஆன கிட்டாரில் அந்த முணுமுணுப்பு இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்து மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த நாள்களில், கடலுக்குப் போனவர்களைப் பற்றிய செய்திக்காகக் கடற்கரை ஊர்கள் காத்திருந்த அந்த இரவுகளில், பாடும் மனநிலை எவருக்கும் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான் செய்ததெல்லாம், ஈரத்தில் இறங்கிப்போன தந்திகளைத் திரும்பத் திரும்பச் சுருதி கூட்டிக்கொண்டிருந்ததுதான்.

ஊளையைவிடக் கவலை தரும் இன்னொன்றை அந்த வாசகர் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தார்: கிட்டாரில் ஓயாத ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல். அதையும் பழமையின் கணக்கில் எழுதியிருந்தார். இந்த வகைக் கிட்டார்களில் பெரும்பாலும் இருப்பது ஹம்பக்கர் பிக்கப். செத் லவர் என்ற பொறியாளர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு அது. எதிரெதிர் காந்தத் துருவங்களும் எதிரெதிர் சுற்றுத்திசையும் கொண்ட இரண்டு கம்பிச்சுருள்கள் தந்தியின் ஒலியைச் சேர்த்துக்கொண்டு, வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலை ஒன்றையொன்று எதிர்த்து அழித்துவிடும். அப்படியிருந்தும் இரைச்சல் விடாமல் கேட்கிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது எர்த். ஜெனரேட்டரிலிருந்து இழுத்த வயரின் முனையைச் சீவி, பிளக் இல்லாமல் சாக்கெட்டில் நுழைத்துத் தீக்குச்சியைச் செருகி இறுக்கும் வழக்கம் நமது திருவிழாக்களில் இன்னும் ஒழியவில்லை. தீக்குச்சிக்கு எர்த் கிடையாது.

இது இரைச்சலோடு முடிந்துவிடும் காரியமும் அல்ல. மின்கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆம்ப் ஓர் இணைப்பிலும், மைக்குகளை இணைக்கும் மிக்ஸர் வேறோர் இணைப்பிலும் ஓடி, இரண்டில் ஒன்றில் எர்த் இல்லாமலோ கசிவோடோ இருந்தால், கிட்டார் தந்தியில் கை வைத்தபடி மைக்கை உதட்டால் தொடுபவருடைய உடலே அந்த இரண்டையும் இணைக்கும் கம்பியாகிவிடும். உதட்டில் ‘சுரீர்’ என்று அடிவாங்காத கிட்டார் கலைஞர் நமது மாவட்டத்தில் இருந்தால் அவர் பாக்கியசாலி. 1972 மே 3 அன்று பிரிட்டனின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். மழை நனைத்த பலகைமேல், வெறுங்காலோடு நிற்கும் நமது பிள்ளைகளுக்கு ஆபத்து அதைவிடக் குறைவல்ல. மூன்று முனை பிளக், மேடையின் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இணைப்பு, மண்ணில் முறையாக இறக்கிய எர்த் கம்பி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு ஆர்.சி.சி.பி. இவ்வளவும் சேர்ந்தாலும், விழாவின் வாண வேடிக்கைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

பழையதாகிவிட்டதால் வரும் குறைகள் கிட்டாருக்கு இல்லவே இல்லை என்று நான் மறைக்கவும் இல்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. போதாததற்கு உப்புக் காற்று. ஜூன் மாதம் கழுத்துப் பகுதி அசைந்து தந்திகள் தட்டத் தொடங்கும்; கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைக் கால் சுற்று திருப்பினால் சரியாகிவிடும். வால்யூம் குமிழில் வரும் கரகரப்புக்குத் துப்புரவுத் திரவம் போதும். அதுவும் தீராமல் குமிழையே மாற்ற வேண்டி வந்தபோதுதான் எனக்குச் சோதனை வந்தது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில், பின்பலகையைச் சதுரமாக அறுத்து ஒரு கதவு வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். ரம்பம் கையில் எடுத்த பிறகுதான் தடுக்க முடிந்தது. இத்தகைய கிட்டாரில் மின்பாகங்களை எஃப் துளை வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு குமிழின் தண்டிலும் நூல் கட்டி உள்ளே விட்டு, புதியதை அதே நூலால் அதன் துளைக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். பாவாடை நாடா கோக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் கடினம் அல்ல. என் மனைவிதான் அதைச் செய்து முடித்தார்.

மீண்டும் ஒலியளவுக்கு வருகிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும்தான் வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். நமது திருவிழாக்களில் இந்த வரம்புகள் எவ்வளவு தூரம் மதிக்கப்படுகின்றன என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விதியை ஒட்டிய அளவில் ஒலிபெருக்கியை வைத்தால், செமி ஹாலோ கிட்டார் ஊளையிட வாய்ப்பே பெரும்பாலும் இல்லை. அந்த வகையில், ஊளையிடும் கிட்டாரை மேடையின் வெப்பமானி என்றுகூடக் கொள்ளலாம். காய்ச்சல் இருக்கிறது என்று காட்டியதற்காக அதை உடைத்துப் போடுவது முறையல்ல.

விழாக் குழுவினர் தீர்மானம் எதுவும் போடும் முன், மைக் செட்காரரையும் வாசிப்பவர்களையும் மாலை 4 மணிக்கே மேடைக்கு வரச்சொல்லி, அரை மணி நேரம் பெட்டிகளை இடம் மாற்றி வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பாடகர் குழுக்களின் அலமாரிகளில் உறையிட்டுக் கிடக்கும் பழைய கிட்டார்களை, இந்தச் சர்ச்சையைக் காரணம் காட்டி யாரும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள்.

முதல் கடிதம் எழுதிய வாசகருக்கு ஓர் அழைப்பு. வரும் மாதம் எங்கள் ஊர்த் திருவிழாவின் ஒன்பதாம் நாள் இரவு, இதே 1979ஆம் ஆண்டுக் கிட்டாரோடு நான் மேடையில் இருப்பேன். அவர் முன்வரிசையிலேயே அமரலாம். அன்று ஒருமுறை ஊளை கேட்டாலும், தங்கள் நாளிதழுக்கு அடுத்த புகார்க் கடிதத்தை அவருக்காக நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.