"என்ன இருந்தாலும் அப்பா தானே"ன்னு மார்க்குக்கு புத்தி சொல்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

இன்வின்சிபிள்ங்கற சூப்பர் ஹீரோ அனிமேஷன் தொடர் பாக்குற நம்ம தமிழ் ரசிகர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

அதுலயும் குறிப்பா, கதாநாயகன் மார்க், அவன் அப்பா நோலன் பத்திப் பேச்சு வந்தா "என்ன இருந்தாலும் பெத்த அப்பன், மார்க் மன்னிச்சுட்டு சேர்ந்துக்கணும்"னு சொல்றவங்களுக்குத்தான் இத எழுதுறேன். சண்டைக்கு வரல. நோலன் கண்ணுல தண்ணியோட வானத்துல பறந்து போற சீன்ல உங்களுக்கும் தொண்டை அடைச்சிருக்கும், எனக்கும் அடைச்சுது, அதனாலதான் உங்ககிட்ட சொன்னா புரியும்னு நம்பி எழுதுறேன். இன்னும் பாக்காதவங்க பாத்துட்டு வாங்க, கதைய மறைக்காமத்தான் பேசப்போறேன்.

2021ல வந்த முதல் சீசனோட கடைசி எபிசோட கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. சின்ன வயசுலேந்து "எங்கப்பா உலகத்தக் காப்பாத்துறவரு"ன்னு நம்பி வளந்த பையன்கிட்ட, இல்லப்பா, இந்த பூமிய என் கிரகமான வில்ட்ரமோட சாம்ராஜ்யத்துக்குப் பிடிச்சுக் குடுக்கத்தான் என்னை அனுப்பினாங்கன்னு சொல்றாரு. அப்ப அம்மா? அவ எனக்கு வீட்ல வளக்குற ஒரு பிராணி மாதிரின்னு சொல்றாரு. பையன் ஒத்துக்கலன்னதும் சிகாகோல ஓடுற ரயிலுக்கு நேரா அவன புடிச்சு நிறுத்துறாரு, அந்த ரயில்ல இருந்த சனங்க அவன் உடம்பு மேலயே மோதி மோதி சாகுறாங்க, மனுஷங்க எவ்வளவு சீக்கிரம் உடையுறாங்க பாருன்னு காட்டுறதுக்காக. கடைசில ஒரு மலை மேல போட்டு அடிச்சு முகமே தெரியாம ஆக்கிட்டு கேக்குறாரு, 500 வருஷம் கழிச்சு உனக்குன்னு யாருடா மிஞ்சுவான்னு. பல்லு போன வாயால அவன் சொல்றான், "நீங்க இருப்பீங்கப்பா."

இந்த ஒரு வரிய வச்சுத்தான் நீங்க எல்லாரும் பேசுறீங்க. பாத்தீங்களா, அப்பவே அவன் மன்னிச்சிட்டான்னு. இல்லைங்க. அது மன்னிப்பு இல்ல. அடி வாங்குற புள்ள அடிக்கிற கையவே புடிச்சுக்கிட்டு அழும் பாருங்க, அந்த அழுகை அது. அதுக்கு வேற போக்கிடம் கிடையாது. நோலனுக்கு அந்த நேரம் பையன் சின்ன வயசுல பேஸ்பால் ஆடுனது ஞாபகம் வருது, கை நிக்குது, அது பெரிய விஷயம்தான், நான் மறுக்கல, ஆயிரக்கணக்கான வருஷமா அடிக்க மட்டுமே பழகுன ஒரு கூட்டத்துல பொறந்தவரு அவரு. ஆனா கைய நிறுத்துன மனுஷன் அதுக்கப்புறம் என்ன பண்ணாரு? பறந்து போயிட்டாரு. பையன தூக்கல, ஆஸ்பத்திரில சேக்கல, பொண்டாட்டி மொகத்துல முழிக்கல. இடிஞ்சு கெடந்த ஊரும் அழுதுட்டு கெடந்த வீடும் மத்தவங்க பாடாப் போச்சு.

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுதுன்னு சொல்லிடறேன்.

நாங்க நாமக்கல் பக்கம். அப்பா லாரி டிரைவர். வடக்க லோடு ஏத்திட்டுப் போனா திரும்பி வர இருபது நாள் ஆகும், வந்து எறங்குற அன்னிக்கு எங்க சந்துல எனக்குத்தான் ராஜ மரியாதை, பத்து டயர் வண்டிய ஒரே மடக்குல சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுப்பாரு, பசங்க எல்லாம் வாயப் பொளந்து பாப்பாங்க. அந்த வயசுல எங்கப்பாவால முடியாதது ஒண்ணு இருக்குன்னு யாராவது சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன். எனக்கு பதினேழு வயசு இருக்கும்போது, பிளஸ் டூ லீவுல வண்டிய கழுவிக் குடுக்கலாம்னு கேபின்ல ஏறுனேன், சீட்டுக்கு மேல இருக்குற பெட்டியில ஆர்சி புக், எஃப்சி பேப்பர் வைக்கிற ரெக்ஸின் பைக்குள்ள ஒரு ஸ்கூல் ஃபீஸ் ரசீது. வேற ஊரு ஸ்கூல். யூகேஜி. ஒரு பொம்பளப் புள்ள பேரு, அந்தப் பேருக்கு முன்னாடி என்னோட இனிஷியல். தண்ணி பைப்ப மூடாம எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல, கீழ எறங்குனப்ப வாசல் பூரா சேறு.

அதுக்கப்புறம் பதினோரு வருஷம் நான் அவர்கிட்ட பேசல. அவரும் வீட்ட விட்டு அந்த ஊருக்கே போயிட்டாரு. இந்தப் பதினோரு வருஷத்துல எத்தனை மாமா, எத்தனை பெரியப்பா வந்து சொல்லியிருப்பாங்க தெரியுமா, "என்ன இருந்தாலும் அப்பன் அப்பன்தான், தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்"னு. ஒருத்தர் கூட எங்கம்மாகிட்ட உனக்கு எப்படிம்மா இருக்குன்னு கேக்கல.

அதனால 2023 நவம்பர்ல ரெண்டாவது சீசன் நாலாவது எபிசோட் வந்தப்ப என்னால பாதிக்கு மேல பாக்க முடியல, நிறுத்திட்டு மாடிக்குப் போயி நின்னுட்டு வந்தேன். த்ராக்ஸாங்கற கிரகத்துல விண்கல் விழப்போகுது காப்பாத்துன்னு மார்க்க கூப்பிடுறாங்க, போய்ப் பாத்தா அங்க ராஜாவா நிக்கிறது நோலன். பையன நேரா கூப்பிட தைரியம் இல்லாம பொய் சொல்லி வரவழைச்சிருக்காரு. அங்க ஒரு புதுப் பொண்டாட்டி, ஆண்ட்ரெஸ்ஸா. கையில ஒரு ஊதாக் கலர் கொழந்தை. மார்க் மூஞ்சி போன போக்கப் பாத்தீங்களா? எனக்கு அந்த ரெக்ஸின் பை ஞாபகம்தான் வந்துச்சு.

சண்டை எல்லாம் முடிஞ்சு, நோலன அவரோட இனத்து வில்ட்ரமைட்டுகள் மரண தண்டனைக்கு இழுத்துட்டுப் போறாங்க, த்ராக்ஸா ஆளுங்களுக்கு ஆயுசு ரொம்பக் கம்மிங்கறதால அந்தக் கொழந்தைய மார்க் தூக்கிட்டு பூமிக்கு வர்றான். வந்து யாரு கையில குடுக்கிறான்? தன் அம்மா டெபி கையில. இந்தக் கதையோட நெஞ்சுக்கூடு இதுதான்னு நான் நினைக்கிறேன், இத யாருமே பேச மாட்டேங்கிறீங்க. வீடு வாங்கி வித்துக் குடுக்குற வேலை பாத்துட்டு, ரத்தக்கறை படிஞ்ச புருஷனோட டிரெஸ்ஸ கண்டுபுடிச்சது முதலா எல்லாத்தையும் தனியா தாங்குனவ. ராத்திரில தனியா குடிச்சிட்டு உக்காந்திருந்தவ. ஹீரோக்கள கட்டிக்கிட்டவங்க மனசு விட்டுப் பேசுற ஒரு கூட்டத்துக்கு ஆறுதல் தேடிப் போனா, அங்க கிரீன் கோஸ்ட்ங்கற ஹீரோயினியோட புருஷன் இருக்கான், தன் பொண்டாட்டியக் கொன்னவனோட பொண்டாட்டி இவதான்னு தெரிஞ்சதும் அங்கயும் இருக்க முடியாம போச்சு. தப்பு பண்ணவன் வேற கிரகத்துல ராஜா, அவனோட பழிய சுமந்தது இவ. அப்படிப்பட்டவ அந்தக் கொழந்தைக்கு ஆலிவர்னு பேரோட ஒரு வீடு குடுக்குறா. நோலன் மார்க்கோட சேரணும்னா அந்த வாசல் வழியாத்தான் போகணும், அதத் தாண்டிக் குதிச்சு அப்பனும் மவனும் மட்டும் கட்டிப்புடிச்சுக்க முடியாது.

இன்னொண்ணு. நம்ம உலகத்துக்கு இணையா இருக்கிற மத்த உலகங்கள்ல இருக்கிற மார்க்குகளப் பாத்தீங்க இல்ல? அங்க நிறைய மார்க் அப்பாவோட சேர்ந்துட்டானுங்க. ரொம்ப ஒத்துமையா, சொன்ன பேச்சு கேக்குற புள்ளைங்களா, அப்பன் தோளுக்குப் பக்கத்துல நின்னு ஊர அழிச்சானுங்க. "அப்பா பேச்சத் தட்டாத, சேர்ந்து போ"ன்னு நீங்க சொல்ற அந்த அறிவுரைய அப்படியே கேட்டவனுங்க அவனுங்கதான். நம்ம மார்க் நம்ம மார்க்கா இருக்கிறதே அவன் முடியாதுன்னு சொன்னதாலதான், நோலனுக்குள்ள ஏதோ ஒண்ணு ஒடைஞ்சதும் அதாலதான். அன்னிக்கே அவன் காலுல விழுந்திருந்தா நோலன் திருந்தியிருக்கவே மாட்டாரு.

நோலன் திருந்துறாரா? திருந்துறாருன்னுதான் நானும் நம்புறேன், நம்பணும்னு ஆசைப்படுறேன். ஆனா அது எதுல தெரியுதுன்னு பாருங்க. இழுத்துட்டுப் போகும்போது அவரு மார்க்கப் பாத்து "என்னை மன்னிச்சிரு"ன்னு கத்தல. என் புத்தகங்களப் படின்னு கத்துறாரு. பூமில இருந்தப்ப அவரு எழுத்தாளரா வேஷம் போட்டு எழுதுன புத்தகங்க, இந்தத் தொடரோட மூலக் காமிக்ஸ் படிச்சவங்களுக்குத் தெரியும், வில்ட்ரமைட்டுகள எத வச்சு வீழ்த்தலாம்ங்கற ரகசியம் அதுக்குள்ள கதையா ஒளிஞ்சு கெடக்கு. தன் இனத்தையே, தன்னையே கூட சாய்க்கிற ஆயுதத்த பையன் கையில குடுத்துட்டுப் போறாரு. பதிலுக்கு எதுவும் கேக்கல. அப்புறம் அவர அடைச்ச சிறையில மார்க்கோட வேத்து கிரக நண்பன் ஆலன் வந்து, நீங்க சேர்ந்தா நம்மளால அவங்கள ஜெயிக்க முடியும்னு எவ்வளவோ பேசும்போது, அவரு சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், என் பொண்டாட்டி ஞாபகம் வருதுன்னு நினைக்கிறேன்னு. பிராணின்னு சொன்ன அதே வாயி. அத சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு நோலனுக்குப் பேசுன ஜே.கே. சிம்மன்ஸ் குரல்லயே தெரியும், ஒரு புது பாஷையில மொத வார்த்த பேசுற மாதிரி இருக்கும்.

காமிக்ஸ எடுத்துக்கிட்டா 2003லேந்து 2018 வரைக்கும் 144 இதழ். ராபர்ட் கிர்க்மன் இந்த அப்பன் மவன் உறவ ஒரே இதழ்ல கட்டிப்புடிக்க வச்சு முடிக்கல, ஒரே பக்கம் நின்னு போர் செய்ய வச்சாரு, வருஷக்கணக்கா இழுத்தாரு. கதை எழுதுன மனுஷனே அவசரப்படல, நாம ஏங்க மார்க்க இப்படி அவசரப்படுத்துறோம்?

அதனால உங்ககிட்ட நான் கேட்டுக்கிறது இதுதான். அடுத்த தடவ இந்தப் பேச்சு வரும்போது மார்க் மன்னிச்சானா இல்லையான்னு கேக்காதீங்க. நோலன் இன்னிக்கு என்ன பண்ணாருன்னு கேளுங்க, டெபிக்கு எப்படி இருக்குன்னு கேளுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது நெஜமாவே அப்பாகூட பேசாம இருந்தாங்கன்னா அவங்ககிட்ட சதை ஆடும்னு சொல்லாதீங்க, அவங்களுக்கு ஆடிட்டுதான் இருக்கும், அத தாங்கிட்டுதான் நிக்கிறாங்க.

எங்கப்பா போன வருஷம் தைப்பொங்கல் முடிஞ்ச வாரம் வந்தாரு. கண்ணு ஆபரேஷன் ஆகி வண்டி ஓட்டுறத விட்டுட்டாரு. செருப்பக் கழட்டாம வாசல்லயே நின்னு, "கண்ணு, சாப்டியா"ன்னு கேட்டாரு, பதினோரு வருஷத்துக்கு அப்புறம் மொத வார்த்தை அது. நான் பதில் சொல்லல. அம்மாதான் உள்ள வாங்கன்னு சொன்னாங்க. கையில ஒரு மஞ்சப்பை, அதுல வீட்டுப் பத்திரம், இன்சூரன்ஸ் பேப்பர், பேங்க் புக், அந்த ஊர்ல இருக்கிற பாக்கிக் கணக்கு எல்லாம் எழுதுன ஒரு நோட்டு. டேபிள் மேல வச்சுட்டு, "இனிமே உங்களுக்குத் தெரியாம எங்கிட்ட ஒண்ணும் இல்ல"ன்னு மட்டும் சொன்னாரு. மன்னிப்பு கேக்கல. அம்மா அந்தப் பையப் பிரிக்காம பீரோவுல வச்சுப் பூட்டுனாங்க.

இப்ப பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ஞாயித்துக்கிழமை வர்றாரு. அந்தப் புள்ள, எந்தங்கச்சி, பிளஸ் டூ முடிக்கப் போகுது, காலேஜுக்கு எப்படி அப்ளை பண்றதுன்னு போன்ல கேட்டுச்சு, சொன்னேன். அப்பாகிட்ட நான் இன்னும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசுறது இல்ல. அவரோட பழைய பித்தள டம்ளர் பரண் மேலதான் கெடக்கு, அம்மா அவருக்கு விருந்தாளிக்கு எடுக்குற கப் சாசர்லதான் டீ குடுக்குறாங்க. அவருக்கும் அது தெரியும். குடிச்சு முடிச்சதும் பொறக்கடைக்கு எடுத்துட்டுப் போயி தானே கழுவி, துண்டால தொடச்சு, ஷெல்ஃபுல மத்த கப்போட கவுத்து வச்சுட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிடுவாரு.