கோலாலம்பூரில் எந்தத் தக்காளி காய்க்கும்?

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். பெரியம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லையா?

விதை போட்டு வளர்த்தால் இங்கே எந்தத் தக்காளி வரும், நம் ஊர் பி.கே.எம். 1 ரக விதை அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஊரில் அதை முடிவு செய்வது பகல் வெயில் இல்லை, இரவுதான். பகலில் 32, 33 டிகிரி. நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு சூடா? ஆனால் விடிகாலையிலும் 23, 24க்குக் கீழே இறங்குவது அபூர்வம். இரவு 21 டிகிரிக்கு மேலேயே நின்றால் பெரிய காய் ரகங்களில் மகரந்தம் வலுவிழந்து, பூ காம்போடு உதிர்ந்துவிடும். கடைக்கு வரும் தக்காளி பெரும்பாலும் கேமரன் மலையில் விளைவதும் இதனால்தான்.

அதனால் விதைப் பாக்கெட்டில் கையளவு பெரிய பழப் படம் போட்ட ரகங்களை இங்கே தொடவே கூடாது. பிராண்டிவைன் மாதிரி பழைய அமெரிக்க ரகங்கள் ஆளுயரம் வளரும், கொத்துக் கொத்தாகப் பூக்கும், பிஞ்சு மட்டும் நிற்காது. ரோமா என்கிற நீளக்காய் ஓரளவு பிடிக்கும். தொக்குக்கு அதைவிடச் சதைப்பற்றான பழம் கிடையாது. ஆனால் பழத்தின் அடியில் கறுத்து அழுகுவது நீளக்காயில்தான் அதிகம். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாகத் தண்ணீர் விட்டால் சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போய்ச் சேராது, அதுதான் காரணம். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. தினமும் ஒரே அளவாகத் தண்ணீர் விட வேண்டும்.

நிச்சயமாகக் காய்ப்பது செர்ரி வகை. இரவுச் சூட்டிலும் பிஞ்சு பிடிக்கும், அடி அழுகலும் அபூர்வம். கொடி போல ஏறிக்கொண்டே போகும் என்பதால் 15, 20 லிட்டர் பையும் ஆறடிக் கம்பும் வேண்டும். சிவப்பு செர்ரி புளிப்பும் இனிப்பும் சமமாக இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் வரும் சன்கோல்ட் தேன் மாதிரி இனிக்கும், ஆனால் தோல் மெல்லியது. ஒரு மாலை மழைக்கே வெடித்துவிடும். இரண்டுமே ரசத்துக்குத் தனியாகச் சரிப்படாது. புளியைக் கொஞ்சம் கூட்டி, பழத்தைப் பிசைந்து தோலை வடிகட்டிவிட வேண்டும். நம் நாட்டுத் தக்காளியின் புளிப்புக்கு ஈடு இங்கே இல்லை.

சமையலுக்கு நடுத்தரப் பழம்தான் வேண்டுமென்றால், தாழ்நிலத்துக்கென்று இந்நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிலையமான மார்டி உருவாக்கிய எம்.டி. 1 இருக்கிறது. பார்வைக்குச் சாதாரணம்தான், ஆனால் சூட்டையும் வாடல் நோயையும் தாங்கும்.

வாடல்தான் இங்கே பெரிய எமன். பாக்டீரியா வாடலில் நடுப்பகலில் நுனி இலை தொங்கும், மாலையில் நிமிரும். நான்கைந்து நாளில் இலை பச்சையாக இருக்கும்போதே செடி செத்துவிடும். ஃபுசேரியம் என்கிற பூஞ்சையால் வரும் வாடலாக இருந்தால் அடி இலை முதலில் மஞ்சளாகும். சந்தேகம் வந்தால் அடித்தண்டை விரல் நீளம் வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல நூல் இறங்கினால் பாக்டீரியாதான். மருந்து கிடையாது. செடியையும் மண்ணையும் சேர்த்துக் கட்டிக் குப்பைக்கு அனுப்ப வேண்டியதுதான், உரக்குழியில் போடக்கூடாது. அது நின்ற இடத்தில் கத்தரி, மிளகாயும் வைக்கக்கூடாது.

ஆகவே தரை மண்ணே வேண்டாம். தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து பையில் நிரப்பி, செங்கல் மேல் தூக்கி வைப்பது. விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். முதலில் விரியும் விதையிலைகளை விட்டு, அதன்பின் நாலைந்து உண்மை இலை வந்ததும் மாற்றி நடலாம். மேலே தெளிந்த பிளாஸ்டிக் கூரை கட்டாயம், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை அப்படி. கூரைக்கடியில் காற்று குறையும், ஈரக்காற்றில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அதனால் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூங்கொத்துக் காம்பை விரலால் சுண்டிவிட வேண்டும். தரையிலிருந்து ஓரடி வரை உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டால் இலைப்புள்ளி நோய் மேலே ஏறுவது குறையும்.

ருசியான ரகம் வாடலுக்குத் தாங்காததாக இருந்தால் கத்தரி வேரில் ஒட்டுக் கட்டலாம். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் இதற்கென்று இ.ஜி. 203 என்ற கத்தரியைச் சொல்கிறது. தண்ணீர் தேங்கினாலும் அதன் வேர் பொறுக்கும். கத்தரியைச் சில நாள் முன்னதாக விதைத்து, இரண்டு தண்டும் இரண்டு மில்லிமீட்டர் பருமன் வந்ததும் சாய்வாக வெட்டி, தக்காளியின் மேல்பகுதியைக் கத்தரியின் அடித்தண்டோடு சின்ன ரப்பர் குழாயில் இணைத்து, ஈரமான இருட்டில் இரண்டு மூன்று நாள், பிறகு மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு. ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். புதைந்தால் தக்காளித் தண்டு சொந்த வேர் விட்டு, நோய் உள்ளே போய்விடும்.

விதைக்கு வருகிறேன். பி.கே.எம். 1 நம் பெரியகுளத்துச் சரக்கு, அன்னஞ்சித் தக்காளியிலிருந்து வந்தது. காம்பைச் சுற்றிப் பச்சையாக இருக்கும், லாரிப் பயணத்தைத் தாங்கும். ஆனால் வாடலை எதிர்க்கவென்று தேர்ந்தெடுத்த ரகம் இல்லை. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ஆபா, அர்கா ரக்ஷக் இரண்டும் வாடலுக்குத் தாங்குபவை. தோட்டத்தில் தொல்லை இருந்தால் நீங்களே போட்டுப் பாருங்கள். ரக்ஷக் கலப்பினம் என்பதால் அதன் பழத்தில் எடுக்கும் விதை ஒரே மாதிரி வராது, ஆபாவில் எடுக்கலாம்.

எதையும் தபாலில் மட்டும் அனுப்ப வேண்டாம். இறக்குமதி அனுமதி இல்லாமல் விதை வந்தால் இங்கே பறிமுதல் செய்வார்கள். அண்ணன் வரும்போது பையில் விதைப் பொட்டலம் வைக்க வேண்டாமென்று பெரியம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். மோர்மிளகாய் இருந்தால் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்