ஒரு வயல், இரண்டு பதிவு

மன்னார்குடி,
மாசி 10

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அறுவடை நெருக்கடியில் உட்கார்ந்து பதில் எழுத நேரம் வாய்க்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து கோயில் வரைக்கும் நடந்து போகிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே சம்பா முடிந்தது. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்கும்வரை கிளறிக் காயவைத்து, நேற்றுதான் கடைசி மூட்டையும் எடை போட்டு முடித்தோம்.

பாப்பா வெப் ஏபிஐ (ஒரு புரோகிராம் இணையம் வழியாக இன்னொரு புரோகிராமிடம் கேட்டு வாங்கும் வழி) கற்றுக்கொள்கிறாள், அதை எழுத உதவும் பைத்தான் கருவியான ஃபாஸ்ட்ஏபிஐயில் ஒன்று எழுதி ஓடவும் விட்டுவிட்டாள், அடுத்து என்ன செய்யச் சொல்லலாம் என்று கேட்டிருந்தாய். அவள் கட்டியதை அவளே கெடுத்துப் பார்க்கட்டும். சரியானதைக் கொடுத்தால் சரியாக வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் எழுந்தேன். அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

போன வருஷம் ஊரில் அறுவடை மெஷினுக்கு முறை போட்டுக் கொடுக்க, கல்லூரிப் பையன்கள் இருவரும் நானும் சின்னதாக ஒன்று செய்தோம். பெயர், வயல், எத்தனை மா (மூன்று மா ஒரு ஏக்கர்), டயர் வண்டியா பெல்ட் வண்டியா, இவ்வளவுதான். போனில் பட்டனை அமுக்கினால் "இதைப் புதிதாகப் பதி" என்னும் போஸ்ட் கோரிக்கை, பட்டியலை வைத்திருக்கும் கணினியான சர்வருக்குப் போகும், வரிசையில் பெயர் ஏறும். வீட்டு வைஃபையில் நூறு தடவை பார்த்தோம், ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

ஒரு பெரியவர் வரப்பில் நின்று பதிந்தார். அங்கே சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, பதில் வரவில்லை. மறுபடி அமுக்கினார். முதல் கோரிக்கை சர்வருக்குப் போய்ப் பதிவாகியிருந்தது. திரும்பி வரவேண்டிய பதில்தான் வழியில் அறுந்துபோனது. அவருடைய 12 மா வயல் வரிசையில் இரண்டு தடவை ஏறிவிட்டது. 4 ஏக்கர் 8 ஏக்கரானது. அன்றைக்கு வேலை நிறைந்துவிட்டது என்று பட்டியல் காட்டவே, அடுத்த பெயருக்குரியவரிடம் நாளைக்கு என்று சொல்லிவிட்டோம். பெரியவர் வயல் முடிந்ததும் வண்டிக்காரர் மிச்ச நேரத்துக்கு வேறு ஊர் போனவர், மூன்று நாள் கழித்துத்தான் திரும்பினார்.

நமக்கு மூன்று நாள் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். அறுப்புக்கு முன்னாலேயே நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுகிறோம். அந்த அடுத்த பெயருக்குரியவர் வயலுக்குக் குறித்த நாளில் மெஷின் வந்திருந்தால் விதை மண்ணோடு கிடந்திருக்கும். தாமதத்தில் முளைத்து இலை விட்டுவிட்டது. பெல்ட் ஏறிய தடமெல்லாம் முளை சேற்றோடு சேர்ந்து நசுங்கிக் கிடந்ததை நான் போய்ப் பார்த்தேன். "வண்டி மேல தப்பு இல்ல தம்பி, பட்டியல்ல என் பேரு கீழ போயிடுச்சு" என்றார் அவர். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதைத்தான் பாப்பாவுக்கு முதலில் சொல்லு. கெட் (எடுத்துக் காட்டு), புட் (இதையே வை), டிலீட் (அழி) மூன்றையும் ஒரு தடவை அனுப்பினாலும் பத்துத் தடவை அனுப்பினாலும் சர்வரில் நிற்கும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது, இணையத்தில் கோரிக்கையும் பதிலும் போய்வரும் முறையான ஹெச்டிடிபியின் விதி. போஸ்ட்டுக்கு அந்த உறுதி கிடையாது. அதை நாம்தான் கட்டிக்கொடுக்க வேண்டும். கொள்முதல் நிலையத்து டோக்கன் மாதிரி என்று வைத்துக்கொள். ஒரே டோக்கனை எத்தனை தடவை நீட்டினாலும் முறை ஒன்றுதான். இப்போது பட்டனை அமுக்குவதற்கு முன்பே போன் ஒரு தனி எண்ணை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. மறுபடி அமுக்கினாலும் அதே எண்தான் போகும். ஏற்கெனவே வந்த எண் என்றால் சர்வர் புதிதாக எழுதாமல் பழைய பதிலையே திருப்பித் தரும்.

இங்கே இன்னொரு நுணுக்கம். "இந்த எண் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது" என்று புரோகிராமில் மட்டும் எழுதினால் போதாது. இரண்டு கோரிக்கையும் ஒரே நொடியில் வந்தால் இரண்டுமே "இல்லை" என்று பார்த்துவிட்டு இரண்டுமே எழுதிவிடும். அந்த எண் யூனிக், அதாவது இரண்டாம் தடவை ஏறக்கூடாது என்று, தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸிலேயே கட்டுப்பாடு போட வேண்டும். மறுபடி அமுக்கியதால் வரும் இரட்டைப் பதிவைப் பிடிக்கும் டெஸ்ட் நாலு வரிதான். ஒரே கோரிக்கையை இரண்டு தடவை அனுப்பு, பிறகு கெட் போட்டு எண்ணு, 1 வர வேண்டும். பழைய புரோகிராமில் இதை ஓட்டியபோது சிவப்பு எழுத்தில் 2 என்று வந்து நின்றது. அந்த நாலு வரியை ஒரு மாதம் முந்தி எழுதியிருந்தால் அவர் உளுந்து பிழைத்திருக்கும்.

அடுத்தது அளவு. பரப்பு 12 என்றால் 12 மாவா, 12 ஏக்கரா? நம்மூரில் மா என்போம், வெளியூர் வண்டிக்காரருக்கு ஏக்கர்தான் தெரியும். பரப்பை நிரப்பும் கட்டத்தின் பெயரிலேயே அளவையும் சேர்த்துவிடு என்று சொல்லு. "பன்னிரண்டு" என்று எழுத்தில் அனுப்பினால் ஃபாஸ்ட்ஏபிஐ 422 (வந்த தகவல் செல்லாது) என்று திருப்பி, எந்த இடத்தில் தவறு என்றும் சொல்லிவிடும். ஆனால் -3 என்று அனுப்பினால், அதுவும் எண்தானே, வாங்கிக்கொள்ளும். பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று நாம் சொன்னால்தான் தடுக்கும். தவறு என்று பதிலுக்குள் எழுதிவிட்டு ஸ்டேட்டஸ் எண்ணை 200 (எல்லாம் சரி) என்று அனுப்பும் பழக்கம் மட்டும் அவளுக்கு வரவே கூடாது. எதிர்ப்பக்கத்து புரோகிராம் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கும்.

தமிழுக்கென்று ஒன்று இருக்கிறது. "கோட்டூர்" என்று தேடினால் எங்களுக்கு ஒன்றுமே வரவில்லை, பட்டியலில் கண்ணெதிரே இருந்தும். ஓகாரக் குறியை, கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. உள்ளே வரும் எழுத்தையெல்லாம் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமித்தோம், தேடும் சொல்லுக்கும் அதையே செய்தோம், சரியாகிவிட்டது.

கருவிக்கு அலைய வேண்டாம். கோரிக்கை அனுப்பிப் பார்க்க கர்ல் போதும், ஃபாஸ்ட்ஏபிஐ தானே காட்டும் டாக்ஸ் (விளக்கப்) பக்கம் போதும், டெஸ்ட் எழுத பைடெஸ்ட். டெஸ்டுக்கு டேட்டாபேஸ் மட்டும் தனியாக இருக்கட்டும். வெப் ஏபிஐ கட்டும் ரெஸ்ட் என்ற பாணி பற்றி ராய் ஃபீல்டிங் 2000-இல் எழுதிய ஆய்வேட்டைப் படிக்கவா என்று கேட்டாளாமே, ஒன்றைக் கட்டி உடைத்துப் பார்த்த பிறகு படித்தால் இன்னும் நன்றாக ஏறும்.

இந்த வருஷம், உளுந்து நசுங்கிய அந்த விவசாயிக்குக் குறித்த நாளிலேயே மெஷின் இறங்கியது. உளுந்து இப்போது இரண்டு இலையில் நிற்கிறது. பங்குனியில் நீ வரும்போது பாப்பாவையும் கூட்டி வா. அவள் எழுதியதைப் போனில் போட்டு எடுத்து வரட்டும், அந்த வரப்பில் நின்று அந்த ஒரு கோடு சிக்னலில் அனுப்பிப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்