எறியாமல் போன பந்து

ஹூஸ்டன்,
13-04-2025, ஞாயிறு இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். இந்தக் கடிதம் பெரியகுளம் வந்து சேரும்போது சித்திரை பிறந்து பல நாள் ஆகியிருக்கும். அதனால் புத்தாண்டு வணக்கத்தை இப்போதே சொல்லிக்கொள்கிறேன். வேப்பம்பூ இங்கே கிடைக்கவில்லை. பச்சடிக்கு மாங்காய் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் போனில் "தோற்றுவிட்டோம் அப்பா" என்று சொன்னபோது, எத்தனை புள்ளியில் தோற்றோம் என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. "கடைசிப் பந்து யார் கையில் இருந்தது?" என்றுதான் கேட்டீர்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆறு நாளாக இந்த ஊரே அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. பதிலை விரிவாகவே எழுதுகிறேன்.

பந்து எமானுவல் ஷார்ப் கையில் இருந்தது.

முதலில் ஆட்டத்தைச் சொல்கிறேன். ஹூஸ்டன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி அமெரிக்கக் கல்லூரிகளின் கோப்பைக்கு இறுதி ஆட்டம் வரை போனது. எதிரே புளோரிடா. ஆட்டம் சான் அன்டோனியோவில், இங்கிருந்து சுமார் 320 கிலோமீட்டர். எங்கள் குடியிருப்பிலிருந்தே நான்கு கார்கள் சிவப்புக் கொடி கட்டிக்கொண்டு போயின. எனக்கு டிக்கெட் வாங்க வசதி இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஓய்வுபெற்ற பள்ளி பஸ் ஓட்டுநர் என்று முன்பு எழுதியிருந்தேனே, அவர்தான். நான் வந்த முதல் குளிர்காலத்தில் கதவைத் தட்டி சூப் கொடுத்தவர்.

இங்கே ஆண்கள் கல்லூரி ஆட்டம் நம் ஊரில்போல நான்கு பத்து நிமிடங்களாக நடப்பதில்லை. இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. முதல் பாதி முடியும்போது நாங்கள் 31, அவர்கள் 28. இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் 12 புள்ளி முன்னால் இருந்தோம். புளோரிடாவின் பெரிய ஆட்டக்காரன் வால்ட்டர் கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அதற்கு முந்தைய ஆட்டத்தில் 34 புள்ளி எடுத்தவன் அவன்! அவனை அப்படிக் கட்டிப்போட்டிருந்தார்கள் எங்கள் பையன்கள். அந்த இரவு முழுவதிலும் புளோரிடா முன்னிலையில் இருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நிமிடம் கடைசி நிமிடமாக அமைந்துவிட்டது.

46 விநாடி இருக்கும்போது புளோரிடாவின் அலிஜா மார்ட்டின், ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு 64-63 என்று அவர்களை முன்னால் கொண்டுபோனான். பதிலுக்குப் போன எங்கள் பந்து வளையத்தைப் பார்க்காமலே பறிபோனது. அவர்களுக்கு இன்னொரு புள்ளி, 65-63. மீதம் இருபது விநாடிக்கும் குறைவு. பந்து ஷார்ப்புக்கு வந்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிய எழும்பினான். கிளேட்டன் பாய்ந்து வந்து முகத்துக்கு நேரே கையை நீட்டிவிட்டான். எறிந்தால் தடுத்துவிடுவான், பந்தோடு கீழே இறங்கினால் டிராவலிங் தப்பு, பந்து அவர்களுக்குப் போய்விடும். ஷார்ப் அந்தரத்தில் பந்தைக் கையிலிருந்து விட்டுவிட்டான்.

அப்பா, அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பந்து அவன் காலடியிலேயே குதிக்கிறது. முதலில் அவனே தொட்டால் அதுவும் டிராவலிங், தொடாவிட்டால் தோல்வி. அவன் அதைப் பார்த்தபடி நிற்கிறான். வேறு ஹூஸ்டன்காரன் யாராவது வர வேண்டும், யாரும் அருகில் இல்லை. பந்து குதித்துக்கொண்டிருக்கும்போதே புளோரிடாவின் நெட்டையன் அலெக்ஸ் காண்டன் தரையில் விழுந்து அதை அள்ளிவிட்டான். மணி ஒலித்துவிட்டது. ஷார்ப் கோர்ட்டிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். பாட்டி தொலைக்காட்சியை அணைக்கவில்லை. எழுந்து போய் அதன் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவனுடைய தகப்பனார் டெரிக் ஷார்ப்பும் ஆட்டக்காரர். இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவ் அணிக்குப் பல வருடம் ஆடியவர். 2004இல் லித்துவேனியாவின் ஜால்கிரிஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில், கடைசி விநாடியில் மூன்று புள்ளி எறிந்து சமன் செய்து, தோற்றுப்போக இருந்த அணியைக் காப்பாற்றினார். அந்த வருடம் ஐரோப்பியக் கோப்பையும் அவர்களுக்கே கிடைத்தது. இருபத்தோரு வருடம் கழித்து அதே மாதிரி ஒரு விநாடி மகன் கைக்கு வந்து நழுவிவிட்டது. அந்தத் தகப்பனாரை நினைத்துத்தான் எனக்கு அன்று அதிகமாக மனம் வலித்தது.

மறுநாள் காலையிலேயே வழக்கு தொடங்கிவிட்டது. மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர், யாரும் கேட்காமலே உரக்கச் சொன்னார்: "நம் கிரையரிடம் கொடுத்திருக்க வேண்டும். 19 புள்ளி எடுத்தவன் இருக்கும்போது இன்னொருவன் ஏன் எறியப் போகிறான்?" பின்னால் இருந்த அம்மையார் ஒருவர், "கிரையரைத்தான் எல்லோரும் மறித்து நின்றார்களே" என்றார். என்னை அறியாமல் நானும் வாய் திறந்துவிட்டேன். மூன்று வருடமாக அதே பஸ்ஸில் போகிறேன். அதுவரை அந்த பஸ்ஸில் யாரிடமும் பேசியதில்லை. இறங்கும் இடம் வந்ததும் அந்த அம்மையார், "நாளைக்கும் இதே பஸ்ஸில் வா" என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை செய்பவர் லாகோஸ்காரர். ஹக்கீம் ஒலாஜுவானின் ஊர். ஒலாஜுவான் இந்த ஹூஸ்டன் கல்லூரிக்கு ஆடியவர் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இவருக்கு ஆட்டம் என்றாலே வளையத்தடியில் நெட்டையாக ஒருவன் நிற்க வேண்டும். "நம்மிடம் ஆறடி எட்டங்குலத்துக்கு மேல் வழக்கமாக ஆடுகிறவன் யார்? அவர்களிடம் ஏழடியில் ஆள் இருக்கிறான். நம் ஃபிரான்சிஸை இன்னும் நிறைய நேரம் இறக்கியிருக்க வேண்டும்" என்று ஊசியையும் ஸ்லைடையும் கையில் வைத்துக்கொண்டே வாதாடுகிறார்.

இன்று மீனாட்சி கோயிலுக்குப் போயிருந்தேன். பியர்லாந்தில் இருக்கிறதே, அதுதான். கேன்டீனில் அந்தக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் நாலைந்து பேர் புளியோதரையை ஆறவிட்டுவிட்டு அடித்துக்கொள்ளாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அணியின் மிலோஸ் உஸானை உட்காரவைத்துவிட்டு மைலிக் வில்சனை ஆடவிட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதே கோப்பையில் பர்டூ அணியோடு நடந்த ஆட்டம் பதினாறு நாளைக்கு முன்னால்தானே? 60-60. மூன்று விநாடிகூட மீதம் இல்லை. உஸான் கோட்டுக்கு வெளியிலிருந்து ஜோசஃப் டக்லருக்குப் பந்தைக் கொடுக்கிறான். டக்லர் அதை அப்படியே தரையில் தட்டித் திருப்பிக் கொடுக்க, உள்ளே ஓடி வந்த உஸான் வளையத்தில் வைத்துவிடுகிறான். ஜெயிக்கும்போது தலையில் வைத்துக் கொண்டாடிய பையனைத் தோற்றதும் பெஞ்சில் உட்காரச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டேன். ஒரு பிள்ளை மட்டும், "அக்கா சொல்வது சரி" என்றான்.

ஆனால் என்னை யோசிக்கவைத்தது பாட்டியின் வாதம்தான். புதன்கிழமை மாலை சாப்பாட்டு மேசையில் பீக்கன் கொட்டைகளைக் கொட்டினார். உப்புக் குடுவையை நட்டுவைத்து அதுதான் வளையம் என்றார். ஐந்து கொட்டை முழுசாக, எதிரணிக்கு ஐந்து உடைத்த கொட்டை. ஒன்றைத் தொட்டு, "இது டக்லர். தூரத்திலிருந்து எறியமாட்டான். அதனால் அவனைக் காவல் காப்பவன் அவனை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுகிறான்" என்று உடைந்த கொட்டையை நகர்த்தினார். "இப்போது பார், நம்முடைய நாலு பேரை அவர்கள் ஐந்து பேர் காக்கிறார்கள். உள்ளே போக வழி எங்கே?" டக்லர் கொட்டையை எடுத்துவிட்டு வேறொன்றை மூலைக்கோட்டில் வைத்தார். உடனே நடுவில் இடம் திறந்துவிட்டது. அந்த மேசையில் நம் வீட்டுத் திண்ணைதான் எனக்குத் தெரிந்தது அப்பா. புளியங்கொட்டையை வைத்து நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதே பாடம்தானே!

பாட்டி 1983ஐயும் பார்த்தவர். அன்றைக்கு ஒலாஜுவானும் கிளைட் டிரெக்ஸ்லரும் இருந்த அணி. நார்த் கரோலினா ஸ்டேட் அணியில் ஒருவன் தூரத்திலிருந்து எறிந்தது வளையத்தைக்கூடத் தொடவில்லை. குறைந்து வந்த அந்தப் பந்தை லொரென்சோ சார்ல்ஸ் அந்தரத்திலேயே பிடித்து உள்ளே திணித்துவிட்டான். 54-52. மறுவருடம் ஜார்ஜ்டவுனிடம் தோல்வி. இப்போது மூன்றாவது இறுதி ஆட்டம், மூன்றாவது தோல்வி. அந்தக் கோப்பை இந்தக் கல்லூரிக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. நாற்பத்திரண்டு வருடம் காத்திருக்கும் ஒருவரிடம் எதிர்வாதம் செய்யத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் செய்தேன்.

டக்லரை எடுத்துவிட்டால் எதிரணியை 65இல் நிறுத்தியிருப்பது யார்? வழக்கமாக 80க்கு மேல் அடிக்கும் புளோரிடா அது. பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சன் 2014இலிருந்து இந்த அணியை வளர்த்ததே தடுப்பாட்டத்தாலும் ரீபவுண்டாலும்தான். பயிற்சியில் வளையத்தின்மேல் ஒரு மூடியைப் போட்டுவிடுவாராம். எந்தப் பந்தும் உள்ளே போகாது, எறிந்ததெல்லாம் வெளியே தெறிக்கும், பையன்கள் முட்டி மோதி அதை எடுக்க வேண்டும். அப்படி வளர்ந்த பையன்கள்தான் இறுதி ஆட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை, அரையிறுதியில் டியூக் அணியிடம் 14 புள்ளி பின்தங்கி இருந்தும், கடைசி 33 விநாடியில் தொடர்ந்து ஒன்பது புள்ளி எடுத்து 70-67 என்று ஜெயித்தார்கள். அந்த அரை நிமிடத்தில் தவறிய பந்தை டக்லர் பாய்ந்து உள்ளே அடித்திராவிட்டால் திங்கட்கிழமை ஆட்டமே இல்லை. வருடம் முழுவதும் 35 வெற்றி, ஐந்தே தோல்வி. நவம்பரில் மூன்று தோற்றபோதும் ஆளை மாற்று, ஆளை மாற்று என்று இதே ஊர் கத்தியது. அவர் அசரவில்லை.

என் கட்சி இதுதான் அப்பா: ஆள் தப்பில்லை, அவசரம் வந்த நேரம் தப்பு. நமக்கு வேண்டியிருந்தது இரண்டு புள்ளி. இருபது விநாடிக்குப் பக்கத்தில் இருக்கும்போதே உள்ளே வெட்டிப் போயிருந்தால் சமன் ஆகியிருக்கலாம், இல்லாவிட்டால் ஃபவுலாவது கிடைத்திருக்கும். மணி முடியும் வரை காத்திருந்து மூன்று புள்ளிக்கு எழும்பியதால்தான் ஷார்ப்புக்கு இன்னொரு வழி இல்லாமல் போனது. "கடைசி விநாடியில் எறிகிறவன் வளையத்தோடு ஆடவில்லை, கடிகாரத்தோடு ஆடுகிறான்" என்று நீங்கள் பள்ளி மைதானத்தில் எங்களிடம் கத்துவீர்கள். பாட்டியிடம் அதைச் சொன்னேன். கொட்டைகளைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உன் அப்பா சொன்னது சரி. ஆனால் டக்லரை எடுத்திருக்க வேண்டும்" என்றார்.

அடுத்த வருட ஐந்து பேர் யார் என்ற சண்டையும் இப்போதே தொடங்கிவிட்டது. கிரையர், ராபர்ட்ஸ், ஃபிரான்சிஸ், வில்சன் நால்வருக்கும் கல்லூரி ஆட்டம் முடிந்துவிட்டது. ராபர்ட்ஸ் ஆறு வருடம் இங்கேயே இருந்தவன், அவன் போவது எனக்கு வீட்டுப் பிள்ளை போவதுபோல இருக்கிறது. கிரையர் 2021இல் பேய்லர் அணியில் இருந்து கோப்பை பார்த்தவன். அந்த வருடம் அரையிறுதியில் ஹூஸ்டனைத் தோற்கடித்ததும் அதே பேய்லர்தான். சொந்த ஊர்ப் பக்கமான இங்கே வந்து இன்னொரு கோப்பை வாங்கித் தர நினைத்தான், நடக்கவில்லை. உஸான் இருப்பானா, தொழில்முறை ஆட்டத்துக்குப் போவானா என்று இன்னும் சொல்லவில்லை. புதிதாக வரும் பிள்ளைகளில் கிறிஸ் செனாக் என்று ஒருவன், ஏறக்குறைய ஏழடி. லாகோஸ்காரருக்கு அவன் பெயரைச் சொன்னாலே முகம் மலர்கிறது. ஷார்ப்பும் டக்லரும் இருக்கிறார்கள். ஷார்ப்பை முதல் ஐந்தில் இறக்கக் கூடாது என்று சொல்ல இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. பஸ்ஸிலும் இல்லை, கேன்டீனிலும் இல்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

நம் ஊரில் இன்னும் ஒரு மாதத்தில் சில்வர் ஜூபிலி கிளப் ஆட்டங்கள் தொடங்கிவிடும். இந்தியன் வங்கி அணி வந்தால் முதல் ஐந்து பேர் யார், யாரை எப்போது மாற்றினார்கள் என்று குறித்து எழுதுங்கள். பாட்டியும் கேட்கிறார். படம் போட்டு எழுதினால் இன்னும் நல்லது, மேசையில் அடுக்கிப் பார்ப்போம். முழங்கால் வலியோடு மேல் படிக்கு ஏறாதீர்கள், கீழ் வரிசையிலேயே உட்காருங்கள். மருந்துக்கும் தம்பியின் பரீட்சைக் கட்டணத்துக்கும் சேர்த்து வெள்ளிக்கிழமை பணம் அனுப்பியிருக்கிறேன்.

கிளேட்டன் பாய்ந்து வரும்போது ஷார்ப் வேறு என்ன செய்திருக்க முடியும்? அதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். நான் எத்தனை முறை யோசித்தும் வழி தெரியவில்லை.

உங்கள் அன்பு மகள்.