முதல் பிஸ்டல் வாங்கும் முன் லைசென்ஸ் கேட்கும் கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் தப்பான தகவல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் சொன்ன வரிசை முழுக்கத் தலைகீழ். முதலில் நல்ல மாடலாகப் பார்த்துத் தேர்ந்தெடு, பணத்தைத் தயார் செய், அப்புறம் லைசென்ஸுக்கு அலை, கடைசியில் ஏதாவது ஒரு கிளப்பில் சேர்ந்துகொள் என்கிறது கட்டுரை. நான் ஒரு ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் தளத்தில், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள். இந்த வரிசையில் வருகிறவர்கள் எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை அடிக்கடி பார்க்கிறேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

லைசென்ஸ் விண்ணப்பத்தை எல்லோரும் ஒரு தடைச்சுவர் மாதிரிதான் பேசுகிறார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் போட்டிக்கென்று பிஸ்டல் கேட்டால் எந்த அதிகாரியும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: எதற்கு? "ஷூட்டிங் பழக" என்று எழுதினால் அது பதில் ஆகாது. எந்தப் பிரிவு, எத்தனை மீட்டர், என்ன காலிபர் (குழலின் உள்விட்டம்), எந்தச் சங்கத்தில் எவ்வளவு நாளாகச் சுடுகிறாய், அங்கே இருக்கிற துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஏன் சமாளிக்க முடியாது என்று வரிசையாக வரும். இதற்கெல்லாம் பதில் இல்லாதவருக்கு லைசென்ஸ் கிடைக்காமல் போவது ஒருபுறம் இருக்கட்டும், அவருக்கு எந்தப் பிஸ்டல் வாங்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்காது. ஜெர்மனியில் விளையாட்டுக்காகத் துப்பாக்கி கேட்பவர் குறைந்தது 12 மாதம் ஒரு சங்கத்தில் முறையாகச் சுட்டுப் பழகியிருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கேட்கிறவர்களுக்குக் கோபம் வருகிறது, ஒரு வருஷமா என்று. எனக்கென்னவோ அது நியாயமான கெடுவாகத்தான் படுகிறது, ஏனென்றால் அந்த ஒரு வருஷத்தில்தான் ஒருவருக்குத் தன் கை எப்படிப்பட்டது என்றே புரியும்.

முதலில் பிரிவு. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் என்றால் 4.5 மில்லிமீட்டர் பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டு, அழுத்திய காற்றில் போகிறது. சர்வதேசக் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி எடை 1500 கிராமைத் தாண்டக்கூடாது, ட்ரிகரின் இழுவை 500 கிராமுக்குக் குறையக்கூடாது, மொத்தப் பிஸ்டலும் 420-க்கு 200-க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். 25 மீட்டர் பிஸ்டல் வேறு ஜாதி. அது பாயிண்ட் டூ டூ (0.22 அங்குலக் காலிபர்), வெடிமருந்துத் தோட்டா, எடை 1400 கிராம் வரை, ட்ரிகர் 1000 கிராம், பெட்டியும் சின்னது. ஏர் பிஸ்டல் பெல்லட் குழலை விட்டுக் கிளம்பும்போது ஐந்தாறு ஜூல் ஆற்றல்தான். பாயிண்ட் டூ டூ தோட்டா நூறு ஜூலை ஒட்டிப் போகும், தவறிப் போனால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். இரண்டுக்கும் ஒரே மாதிரி சட்டம் இருக்காது, இருக்கவும் கூடாது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஜெர்மனியில் அந்த வரம்பு ஏழரை ஜூல், வயது 18 ஆகியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் சாதாரண ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம், எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குள் போனால் வேண்டும்! அதே பிரிட்டனில் 1996 டன்பிளேன் பள்ளிக்கூடப் படுகொலைக்குப் பிறகு 1997-ல் கைத்துப்பாக்கிகளை அடியோடு தடை செய்ததில் ஒலிம்பிக் பிரிவான பாயிண்ட் டூ டூ பிஸ்டலும் சேர்ந்தே போயிற்று, அந்நாட்டு வீரர்கள் வெளிநாடு போய்ப் பயிற்சி எடுத்தார்கள். ஆகவே நண்பன் சொன்னான், கடைக்காரர் சொன்னார் என்று நம்பி வாங்காமல் உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று உரிமம் தருகிற அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. வெளிநாட்டு இணையக் கடையில் "லைசென்ஸ் தேவையில்லை" என்று போட்டிருந்தால் அது அந்த நாட்டுக்கு மட்டும்தான்.

என்னைக் கேட்டால் முதல் பிஸ்டல் ஏர் பிஸ்டலாகவே இருக்கட்டும். லைசென்ஸ் சுலபம் என்பதற்காகச் சொல்லவில்லை. அதிர்வு கிடையாது, சத்தம் கிடையாது, செய்த பிழை மறைய இடமே இல்லை. பெல்லட் மெதுவாகக் குழலைக் கடப்பதால் ட்ரிகர் இழுத்த பிறகு மணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் குறி அட்டையில் அப்படியே தெரிந்துவிடும். அட்டையின் நடுவில் உள்ள பத்தாம் வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். அதில் கை நிலைத்தவர் பாயிண்ட் டூ டூவுக்கு மாறுவது சுலபம், தலைகீழாக வருகிறவர்கள்தான் திணறுகிறார்கள்.

கட்டுரை பிராண்டுக்கு ஒரு பத்தி முழுக்க ஒதுக்கியிருக்கிறது, கிரிப்புக்கு, அதாவது கைப்பிடிக்கு, ஒரு வரிகூட இல்லை. மோரினியா, ஸ்டேயரா, வால்தரா, ஃபைன்வெர்க்பாவா என்று விடிய விடியப் பேசலாம். நான்குமே தொடக்கக்காரரின் கையைவிட எத்தனையோ மடங்கு துல்லியமானவை. வித்தியாசம் கைப்பிடியில்தான் வருகிறது. மரத்தில் செதுக்கிய அந்தப் பிடி சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவு வாரியாக வரும், வலது கைக்கும் இடது கைக்கும் தனித்தனி, உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தாங்குகிற பலகையை ஏற்றி இறக்கலாம். ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. காலியான பிஸ்டலைக் குறிப்பலகைப் பக்கமே நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள வளைவு பின்பக்கத்தில் எவ்வளவு உயரமாகப் போகுமோ அவ்வளவு உயரமாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கையை இறக்கி மெதுவாக ஏற்றுங்கள். கண்ணைத் திறக்கும்போது குறிபார்க்க உதவும் முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தானாக வந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இடப்பக்கமாக ஒதுங்கி நின்றால் பிடி உங்களுக்கானது இல்லை, மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தால் போட்டியின் அறுபது குண்டும் அப்படி வளைத்தே சுட வேண்டியிருக்கும். விரலின் முதல் சதைப்பகுதி ட்ரிகரில் படுகிறதா, இழுக்கும்போது விரல் பிடியின் மரத்தை உரசாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பலர் அரத்தை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தும், குறைகிற இடத்தில் மரப் புட்டியை வைத்து நிரப்பியும்தான் தங்கள் பிடியை உருவாக்குகிறார்கள். தேய்த்தெடுத்த மரம் திரும்பி வராது என்பதால் சொந்தப் பிடியில்தான் இதைச் செய்ய முடியும், கிளப் பிஸ்டலில் கை வைக்க முடியாது. சொந்தமாக வாங்குவதற்கு இதுதான் உண்மையான காரணம், லைசென்ஸ் படிவத்தில் தாராளமாக எழுதக்கூடிய காரணமும்கூட.

இடது கைக்காரர்கள் கூடுதல் கவனமாக இருங்கள், இரண்டாம் கையாக வருபவற்றில் பெரும்பாலும் வலது கைப் பிடிதான். (ஹங்கேரியின் காரோலி டகாச் 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கையை இழந்தார், இடது கையில் புதிதாகக் கற்றுக்கொண்டு 1948, 1952 இரண்டு ஒலிம்பிக்கிலும் ரேபிட் ஃபயர் (வேகமாகச் சுடும் பிரிவு) தங்கம் வாங்கினார். அவர் காலத்தில் யார் அவருக்கு இடது கைப் பிடி செதுக்கிக் கொடுத்தார்களோ!)

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்று கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கியதைப் பார்த்துவிட்டு, கருவியே தேவையில்லை என்று நிறையப் பேர் எழுதினார்கள். உங்கள் கட்டுரையிலும் அந்தத் தொனி இருக்கிறது. அவர் சாதாரணக் கண்ணாடி போட்டிருந்தார், உண்மை. கையில் இருந்ததோ முறையான போட்டி ஏர் பிஸ்டல், அது அவருடைய ஐந்தாவது ஒலிம்பிக். அதற்கு நேர் எதிர்ப்பக்கம், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவிலேயே பழுதாகிவிட்டது, சரிசெய்துகொண்டு திரும்புவதற்குள் நேரம் ஓடிவிட, இறுதிச்சுற்று கைநழுவியது. அதே மனு பாக்கர்தான் பாரிஸில் இரண்டு வெண்கலத்தோடு வந்தார். முதல் பிஸ்டல் வாங்குகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, அதற்கு உதிரிபாகம் கிடைக்குமா, பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்று முதலில் பார்ப்பது. மின்னணு ட்ரிகர் அருமையானதுதான், இருந்தாலும் தொடக்கக்காரருக்கு நான் மெக்கானிக்கல் ட்ரிகரையே சொல்வேன்.

பழைய ஏர் பிஸ்டல் மலிவாகக் கிடைக்கிறது என்றால் காற்று அடைக்கிற சிலிண்டரைத் திருப்பிப் பாருங்கள். உற்பத்தித் தேதி அதிலேயே பொறித்திருக்கும், பொதுவாகத் தயாரிப்பாளர்கள் தருகிற ஆயுள் 10 ஆண்டு. 200 பார், அதாவது சுமார் 200 மடங்கு காற்றழுத்தத்தைத் தாங்குகிற பொருள், காலம் கடந்ததைக் கொண்டுபோனால் போட்டிக் கருவிச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். புது சிலிண்டர் விலையையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு அவ்வளவு மலிவாக இருக்காது. 50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டலும் இப்படித்தான், அழகாக இருக்கும், விலை குறைவாக வரும். 2016 ரியோவுக்குப் பிறகு அந்தப் பிரிவு ஒலிம்பிக்கிலேயே இல்லை. ட்ரிகருக்குக் குறைந்தபட்ச எடை வரம்பும் அதில் கிடையாது, புதியவர் கையில் வைக்கிற சாமான் இல்லை அது.

லைசென்ஸ் தேவைப்படுகிற பிஸ்டலைப் பழையதாக வாங்கினால் இன்னொரு சிக்கல். விற்பவரின் லைசென்ஸில் உள்ள வரிசை எண்ணும் குழலில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று நீங்களே கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். "இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பிடித்துப் பாருங்கள், பிடித்தால் பணம் கொடுங்கள்" என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். உங்கள் பெயரில் அனுமதி வரும் முன் அது உங்கள் வீட்டுக்கு வந்தால் இருவருக்கும் வழக்குதான். பிடித்துப் பார்க்க ரேஞ்ச் இருக்கிறது, அங்கே கூப்பிடுங்கள்.

நேர்காணலில் ஒன்று அடிக்கடி நடக்கிறது. போட்டிக்கு என்று விண்ணப்பித்துவிட்டு, எதிரே இருக்கிற அதிகாரி நட்பாகப் பேசியதும் "அப்படியே பாதுகாப்புக்கும் ஆச்சு" என்று ஒரு வார்த்தை விடுவார்கள். அதோடு அந்த விண்ணப்பம் வேறு திசைக்குப் போய்விடும். தற்காப்புக்கான உரிமத்துக்குக் கேட்கிற காரணங்களும் சான்றுகளும் வேறு. அதுவுமில்லாமல், அரைக் கிலோ இழுவையில் போகிற ட்ரிகரையும் ஒரே மாதிரி நின்றால் மட்டும் ஒத்துழைக்கிற பிடியையும் வைத்துக்கொண்டு யாரைத் தற்காத்துக்கொள்ளப் போகிறீர்கள்?

விசாரணைக்கு வீட்டுக்கு வரும்போது வீட்டில் உள்ளவர்களையும் கேட்பார்கள். மனைவிக்கோ கணவருக்கோ, அப்பா அம்மாவுக்கோ விஷயமே தெரியாது என்றால் அங்கேயே சறுக்கல். பெட்டகத்தைப் பிஸ்டல் வருவதற்கு முன்பே வாங்கிச் சுவரோடு போல்ட் போட்டு வையுங்கள், தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, சாவி உங்களிடம் மட்டும். லைசென்ஸ் இல்லாத இன்னொருவர் கைக்குச் சாவி எட்டுகிறது என்பதே பல நாடுகளில் குற்றம், சாவியை அலமாரி மேல் வைத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. வீடு மாறினால் முகவரி தெரிவிக்க வேண்டும், புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடக்கூடாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்துபோனால் அந்த பிஸ்டலை என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். துக்க வீட்டில் பீரோவில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு விழிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன, சட்டப்படி அதை உடனே ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுப் போட்டி என்று வந்தால் அது தனிக் கதை. தற்காலிக அனுமதி இரண்டு பக்கமும் வாங்க வேண்டும், விமானத்தில் தோட்டா ஒருவருக்கு 5 கிலோவுக்கு மேல் போகாது. முதல் பிஸ்டல் வாங்குகிறவர் இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

ஆசிரியர் அவர்களே, இந்தக் கட்டுரையின் தொடர்ச்சி வரப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள். எழுதும் முன் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் ஒருவரையும், கிளப் பயிற்சியாளர் ஒருவரையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, போன தடவை போட்ட படத்தில் அந்த இளைஞர் பிஸ்டலைக் கேமராவை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறார், விரல் ட்ரிகரின் மேல். எந்த ரேஞ்சில் அப்படி நின்றாலும் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். குழலுக்குள் குண்டு இல்லை என்று காட்டுகிற பளிச்சென்ற பாதுகாப்புக் கொடி செருகி, மேசைமேல், குறிப்பலகையைப் பார்த்துக் கிடக்கிற பிஸ்டலின் படம் ஒன்றைப் போடுங்கள், அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடும் பயிற்சியாளர் ஒருவர்